ஸ்டெதாஸ்கோப் வாங்கும் செவிலியர்களுக்கு

விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிப் பாருங்கள். காதுமுனைகள் மூக்கின் பக்கம் சற்றே முன்னோக்கிச் சாய்ந்து, வலிக்காமல் காதுத் துளையை அடைத்து நிற்க வேண்டும். சிறிது இடைவெளி இருந்தாலும் வார்டின் இரைச்சல் உள்ளே புகுந்து, இரத்த அழுத்தம் பார்க்கையில் மெல்லிதாகக் கேட்கும் முதல் துடிப்பொலியே தவறிவிடக்கூடும். நோயாளியின் உடலில் வைக்கும் முனையில், சவ்வுள்ள பக்கம் மூச்சொலி போன்ற உயர்ந்த சுருதி ஒலிகளுக்கும், மணி வடிவப் பக்கம் சில இதய முணுமுணுப்புகள் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கும் உரியவை என்பதால், இரண்டும் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன். குழாய் ஏறத்தாழ 27 அங்குலம் இருந்தால் போதும். வெறும் கழுத்தில் தொங்கவிட்டால் தோலின் எண்ணெய்ப்பசையால் அது நாளடைவில் விறைத்துப்போகும். காலருக்கு மேல் அணியுங்கள். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் செல்லுமுன், 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சவ்வைத் துடைப்பதை எவ்வளவு அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்.