டிக்கெட்டில் ஒரு கம்பெனி, காக்பிட்டில் இன்னொரு கம்பெனி: விமானப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து சிகாகோ, அங்கிருந்து அதே இல்லினாய் மாநிலத்தில் உள்ள பியோரியா. டிக்கெட்டில் முழுக்க லுஃப்தான்சா பெயர்தான் இருக்கும். ஆனால் லுஃப்தான்சா விமானம் பியோரியா பக்கமே போவதில்லை. கடைசிப் பயணம் யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் நடக்கும். அதிலும் யுனைடெட் விமானி இருக்க மாட்டார். ஸ்கைவெஸ்ட் மாதிரி ஒரு பிராந்திய நிறுவனத்தின் ஆட்கள்தான் ஓட்டுவார்கள். கேட்டர்பில்லர் கம்பெனி வேலையாகத் திருவள்ளூரிலிருந்து பியோரியாவுக்குப் போய்க் குடியேறியவர்களைப் பார்க்கக் கிளம்பும் அப்பா அம்மாக்களுக்கு, பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறந்ததைவிட இந்தக் கடைசிக் குட்டிப் பயணம்தான் அதிகம் படுத்தும்.

ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி வாசலில் நிற்கும் வேனில் கம்பெனி பெயர் ஒட்டியிருக்கும், வண்டியும் டிரைவரும் ஏதோ ஒரு டிராவல்ஸைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள் அல்லவா, அந்த ஏற்பாடுதான் இது. பெரிய நிறுவனம் கட்டணத்தையும் நேரத்தையும் வழித்தடத்தையும் தீர்மானிக்கும், டிக்கெட் விற்கும், பெரும்பாலும் எரிபொருள் செலவையும் ஏற்கும். சின்ன நிறுவனத்துக்கு இத்தனை முறை பறந்தால் இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பணம் தரும். சீட் நிரம்பினாலும் காலியாகப் போனாலும் சின்ன நிறுவனத்தின் வரவு பெரிதாக மாறாது. லாபம் சம்பாதிக்க அதற்கிருக்கும் முக்கியமான வழி செலவைக் குறைப்பது. குறைக்க முடிந்த செலவில் பெரியது சம்பளம். எல்லாப் புகைச்சலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதனால் பயணி செய்யும் முதல் தவறு, வாலில் இருக்கும் சின்னத்தைப் பார்த்து நிம்மதியாகிவிடுவது. 2009 பிப்ரவரி 12 இரவு நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன விமானம் இறங்குவதற்குச் சற்று முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர், ஓட்டியது கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனம். வேகம் குறைகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்தார் என்பது விசாரணையின் முடிவு. ஆனால் அதோடு சேர்ந்து வெளியே வந்த விஷயங்கள்தான் அமெரிக்காவை உலுக்கின. துணை விமானி சியாட்டிலில் குடியிருந்தவர், வேலை பார்க்கும் ஊர் நாட்டின் மறுகோடியில் இருந்த நியூவார்க். அன்றைய வேலைக்காக முந்தின இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். பிராந்திய விமானிகள் வாங்கிய சம்பளம் எவ்வளவு சொற்பம் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. 2010-இல் வந்த சட்டப்படி, அமெரிக்காவில் இணையத்தில் டிக்கெட் விற்கிறவர்கள் விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்பதை, தேடும்போது வரும் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும். துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. ‘ஆபரேட்டட் பை’ என்று பொடி எழுத்தில் வரும் அந்த வரிக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது. நம் ஆட்கள் அதைத் தாண்டிவிட்டு விலையைத்தான் பார்க்கிறோம்.

இதன் மறுபக்கமும் தவறுதான். பிராந்திய நிறுவனம் என்றாலே ஆபத்து என்று முடிவு கட்ட வேண்டாம். யுனைடெட் எக்ஸ்பிரஸோ அமெரிக்கன் ஈகிளோ, பெரிய நிறுவனங்களுக்கான அதே பாதுகாப்பு விதிகளின் கீழ்தான் பறக்கின்றன. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் அமெரிக்கன் ஈகிள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தது பெரிய துயரம். அந்த விமானத்தை இயக்கியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்கே சொந்தமான பிஎஸ்ஏ. அவுட்சோர்சிங் என்ற ஒரே சொல்லில் எல்லா விபத்தையும் அடக்கிவிட முடியாது.

அப்புறம், அதிருப்தி எல்லாம் பயணிகளுடையது மட்டும் என்று நினைப்பதும் சரியல்ல. ஒரே வண்ணம் பூசிய இரண்டு விமானங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், விமானிகளின் சம்பளமோ மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். 2001-இல் டெல்டாவுக்காகப் பறந்த காம்ஏர் நிறுவன விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய நிறுவன விமானிகளுக்கோ தங்கள் வேலை மலிவான ஆட்களிடம் போகிறதே என்ற கவலை. அதனால்தான் அவர்களின் சங்கங்கள் ‘ஸ்கோப்’ என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் போட்டு வைத்திருக்கின்றன: வெளியே கொடுக்கும் விமானங்களில் பெரும்பாலும் 76 இருக்கைக்கு மேல் கூடாது. நீங்கள் ஏறும் விமானம் ஏன் அவ்வளவு குட்டி என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. 2022-இல் விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் நிலைமை தலைகீழானது. அமெரிக்கன் தன் துணை நிறுவனங்களில் சம்பளத்தைக் கிடுகிடுவென உயர்த்தியது. ஸ்கைவெஸ்ட் 29 சிற்றூர்களுக்கான சேவையை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. இப்போது கோபம் அந்த ஊர்க்காரர்களுக்கு.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருவோம்

நங்கநல்லூரிலிருந்து மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும் அம்மாவின் கைப்பெட்டியில் என்னென்ன இருக்கும்? பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை, கண்ணாடி, ஒரு செட் துணி, நகை, ஃபைல். சென்னையிலிருந்து பெரிய விமானத்தில் அந்தப் பெட்டி தலைக்கு மேல் சுகமாக உட்கார்ந்து வரும். சிகாகோவில் 50 இருக்கை சிஆர்ஜே 200-இலோ ஈஆர்ஜே 145-இலோ ஏறும்போது அது மேலே நுழையாது. விமானத்தின் வாசலிலேயே சீட்டுக் கட்டி வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். கட்டணம் கிடையாது, இறங்கியதும் பெரும்பாலும் அங்கேயே தருவார்கள். ஆனால் சிலநேரம் பெல்ட்டுக்குப் போய்விடும், விமானம் திரும்பிவிட்டாலோ ரத்தானாலோ பெட்டி எங்கே என்று தேட வேண்டிவரும்.

இங்கே தவறு பெட்டி எடுத்துப் போவது இல்லை, எல்லாவற்றையும் அதற்குள் கலந்து போடுவது. மருந்து, பாஸ்போர்ட், நகை, கண்ணாடி, சார்ஜர் ஆகியவற்றை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு அதை அப்படியே கைப்பெட்டியின் மேலாக வையுங்கள். வாங்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் துணிப்பையை உருவிக்கொண்டால் போதும். பவர் பேங்க் எந்தக் காரணத்துக்காகவும் கீழே போகும் பெட்டியில் இருக்கக் கூடாது, இது விதி. பின்னால் நூறு பேர் நிற்க, வாசலில் பெட்டியைத் திறந்து துழாவும் அவஸ்தையும் மிச்சம்.

கனெக்ஷன் நேரம்

சிகாகோவில் 1 மணி 40 நிமிடம் இருக்கிறது, போதும் என்று ஏஜென்ட் சொல்வார். அதற்குள் இமிகிரேஷன் வரிசை, அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பொதுவாகப் பெட்டியை எடுத்து மறுபடி போடும் வேலை, பிறகு மீண்டும் பாதுகாப்புச் சோதனை, டெர்மினல் மாற்றம். இதெல்லாம் ஒழுங்காக நடந்தாலும் இன்னொன்று இருக்கிறது. பனியோ இடிமழையோ வந்து விமான நிலையத்தின் கொள்ளளவைக் குறைத்தால், கிடைத்த இறங்கும் வாய்ப்புகளை எந்த விமானத்துக்குக் கொடுப்பது என்று பெரிய நிறுவனம்தான் யோசிக்கும். 50 பேர் விமானமா, 180 பேர் விமானமா? முதலில் ரத்தாவது குட்டி விமானமாகத்தான் இருக்கும். கடைசி விமானத்துக்கு டிக்கெட் போடாமல், அதற்குப் பின் அதே நாளில் இன்னொன்று இருக்கும்படி போடுங்கள். பிள்ளைகள் காரில் வந்து கூட்டிப்போகும் தூரம் என்றால் அந்தக் கடைசித் துண்டை வாங்காமலே விடலாம் என்பது என் கட்சி. ஆனால் முன்கூட்டியே வாங்காமல் விடுங்கள். வாங்கிவிட்டு நடுவழியில் இறங்கிக்கொள்வது வேறு சிக்கல், திரும்பி வரும் டிக்கெட் ரத்தாகிவிடக்கூடும். பயணத்தை இரண்டு தனி டிக்கெட்டாகப் பிரிப்பதும் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் கையை விரிக்கும்.

ஒரு வேடிக்கை. சில ஊர்களுக்கு விமான எண் போட்டு விற்கும் ‘விமானம்’ உண்மையில் பஸ். டென்வரிலிருந்து ஃபோர்ட் காலின்ஸுக்கு யுனைடெட் பெயரிலும், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சில பக்கத்து ஊர்களுக்கு அமெரிக்கன் பெயரிலும் லேண்ட்லைன் என்ற பஸ் நிறுவனம் ஓட்டியிருக்கிறது. ‘ஆபரேட்டட் பை’ வரியைப் படிக்காதவர்கள் கேட்டில் விமானத்தைத் தேடியிருப்பார்கள்.

நம் ஊரிலும் உண்டு

அலையன்ஸ் ஏர் நெடுங்காலம் ஏர் இந்தியாவின் துணை நிறுவனம். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனபோது அலையன்ஸ் ஏர் அரசிடமே தங்கியது. பழைய நினைப்பில் ஏர் இந்தியாவிடம் போய் அலையன்ஸ் ஏர் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டால் பதில் கிடைக்காது. ஏர் இந்தியா எண்ணில் வாங்கிய டிக்கெட்டுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் வரலாம். பெங்களூரு வரை குவான்டாஸில் வந்து சென்னைக்கு இண்டிகோவில் மாறலாம். இண்டிகோ எண்ணில் இஸ்தான்புல்லுக்குப் பறந்தது டர்கிஷ் நிறுவனத்தின் போயிங் 777. 2025 மே மாதத்தில் அது அரசியல் சர்ச்சையாகவே ஆனது. சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1, டெர்மினல் 4 என்று பிரிந்திருப்பதால், எந்தப் பக்கம் இறங்குவது என்பதை இயக்கும் நிறுவனத்தின் பெயரை வைத்தே பாருங்கள். வெப் செக்-இன் செய்யவும் அந்த நிறுவனத்தின் பிஎன்ஆர் தனியாகத் தேவைப்படலாம். டிக்கெட் வாங்கியதுமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஏதாவது கெட்டுப்போனால் பலரும் செய்வது கேட்டில் நிற்பவரைத் திட்டுவது. அந்தப் பெண் ஒருவேளை மூன்றாவதாக ஒரு கம்பெனியின் ஊழியர். அவரால் அட்டவணையையும் மாற்ற முடியாது, பணத்தையும் திருப்ப முடியாது. மாற்று டிக்கெட்டுக்கு, விற்ற நிறுவனத்தின் கவுன்டரைப் பிடியுங்கள். பெட்டி உடைந்தாலோ வராவிட்டாலோ, இறங்கிய ஊரிலேயே, விமான நிலையத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன், எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையில் சேதத்துக்கு 7 நாள், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள் கெடு. விற்றவர், ஓட்டியவர் இருவரில் யார் மீதும் வழக்குப் போட அதில் இடமுண்டு, 2 ஆண்டுக்குள். நாங்கள் இல்லை அவர்கள்தான் என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால் இதைச் சொல்லுங்கள். ஐரோப்பிய யூனியனின் தாமத இழப்பீடு மட்டும் வேறு கணக்கு: அங்கே பணம் தர வேண்டியது விமானத்தை இயக்கும் நிறுவனம். விமானத்தை ஆட்களோடு வாடகைக்கு எடுத்திருந்தால், எடுத்த நிறுவனம்தான் பொறுப்பு என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இந்தியாவுக்குள் என்றால் முதலில் நிறுவனத்திடம் எழுதி, பதில் இல்லாவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம். போர்டிங் பாஸையும் பெட்டிச் சீட்டையும் வீடு போய்ச் சேர்ந்ததும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எந்த நிறுவனம் இயக்கியது என்பதற்கு அவை பிறகு தேவைப்படும்.