இன்டர்ன் எடுப்பது எப்படி: கைவேலை தெரிந்தவரா, சீக்கிரம் கற்பவரா?

கோயம்புத்தூரில் எட்டுப் பேர் கொண்ட ஒரு சிறிய சாஃப்ட்வேர் டீமில் வேலை செய்கிறேன். ஜனவரி வந்தால் கடைசி செமஸ்டர் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் கேட்டு வருவார்கள். இருப்பது ஓர் இடம். ஒருவருக்கு ரியாக்ட், பைதான், டேட்டாபேஸ் எல்லாம் கைவந்த வேலை. இன்னொருவருக்கு அடிப்படை மட்டும்தான் தெரியும், ஆனால் சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார். முதல்முறையாக இன்டர்ன் எடுப்பவர்களுக்காக, நாங்கள் இப்போது செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: நாட்களை எண்ணுங்கள்

ஆளைப் பார்ப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். 8 வாரம் என்றால் வேலைநாள் 40. புதிதாக வருபவர் நீங்கள் எழுதி வைத்த புரோகிராம் கோடைப் படித்து, கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) கருவியைப் பழகி, முதல் மாற்றத்தை அனுப்ப 15 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 25 நாள். அதே ஆள் 6 மாதம் இருந்தால் வேலைநாள் சுமார் 130. அங்கே 15 நாள் ஒரு பொருட்டே இல்லை. எனவே இரண்டு மாதத்துக்குக் கைவேலை தெரிந்தவர், ஆறு மாதத்துக்குச் சீக்கிரம் கற்பவர் என்று ஆரம்பிக்கலாம்.

அப்புறம், சொல்லிக்கொடுக்கப் போவது யார்? தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க டீமில் ஆள் இல்லையென்றால், கற்பவரை எடுக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை எடுத்தோம். நல்ல சூட்டிகையான பெண். டெலிவரி நெருக்கத்தில் யாரிடம் போய்க் கேட்டாலும் "கொஞ்சம் இரும்மா" என்றே பதில் வந்தது. மூன்றாவது வாரம் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். தப்பு முழுக்க எங்களுடையது.

படி 2: அடித்தளம் இருக்கிறதா?

ஏதாவது ஒரு மொழியில் லூப்பும் ஃபங்ஷனும் எழுதத் தெரிய வேண்டும். எரர் வந்தால் பதறாமல் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இது இல்லாமல் "சீக்கிரம் கத்துக்குவேன் சார்" என்பதை மட்டும் நம்பி எடுக்க முடியாது.

படி 3: ஒரே வேலையை இரண்டு தடவை கொடுங்கள்

முக்கியமான படி இதுதான். கற்கும் வேகத்தைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. முதல் முயற்சிக்கும், திருத்தம் சொன்ன பிறகு வரும் இரண்டாவது முயற்சிக்கும் நடுவில் என்ன மாறியது என்று பார்த்தால்தான் தெரியும். அதனால் யாரும் மனப்பாடம் செய்து வர முடியாத வேலையாகக் கொடுங்கள்.

நாங்கள் கொடுப்பது: தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் பைதான் ஃபங்ஷன். "தமிழ்" என்ற சொல்லை பைதானில் நீளத்தை எண்ணும் லென் (len) ஃபங்ஷனிடம் கொடுத்தால் 5 என்று சொல்லும். நமக்கு வேண்டியது 3.

ரெஸ்யூமில் ஆறு புராஜெக்ட் போட்டிருந்த ஒரு பையன் ஒரே நிமிடத்தில் 5 என்று காட்டி, "பைதான்ல அப்படித்தான் சார் வரும்" என்று நிறுத்திக்கொண்டார். அடுத்து வந்த மாணவிக்கு 25 நிமிடம் ஆயிற்று. த, மி, ழ் என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு ஒவ்வொரு குறியையும் தனித்தனி வரியில் அச்சிட்டுப் பார்த்தார். "மேலே இருக்குற கொக்கியும் புள்ளியும் தனியா நிக்குது சார்" என்றார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் துணைக்குறிகள் ஒரே வகையில் இல்லை. புள்ளி ஒரு வகை, "ி" வேறு வகை. அவர் முதலில் புள்ளியின் வகையை மட்டும் நீக்கினார், 4 வந்தது. எதனால் என்று தேடிப் படித்து 3-க்குக் கொண்டுவந்தார்.

சரி, இப்போது திருத்தம் சொல்லுங்கள். "பக்ஷி" என்று கொடுத்தால் அந்தக் கோட் 3 என்று சொல்லும். க்ஷ-வை ஒரே எழுத்தாக எண்ணி 2 வர வேண்டும் என்று சொல்லி, மறுநாள் வரை நேரம் கொடுங்கள். பக்ஷிக்கு மட்டும் ஒட்டுப்போட்டு வருகிறாரா, நாம் கொடுக்காத "லக்ஷ்மி"யையும் தானே போட்டுப் பார்த்துவிட்டு வருகிறாரா என்று கவனியுங்கள். எனக்கு இந்த ஓர் அடையாளம் போதும்.

ஏஐ பயன்படுத்தினால் தடுக்க வேண்டாம். ஏதாவது ஒரு வரியைக் காட்டி, "இதை எடுத்துவிட்டால் என்ன வரும்?" என்று மட்டும் கேளுங்கள்.

படி 4: எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மார்க்

கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மார்க் போடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகள் குறித்த ஆய்வுகளை 2022இல் உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட் குழுவினர் மறுபடி கணக்கிட்டபோது, யார் வேலையை நன்றாகச் செய்வார் என்று கணிப்பதில் இப்படி ஒழுங்குபடுத்திய நேர்காணல்தான் முதலிடத்தில் வந்தது. மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பது அதற்குக் கீழேதான்.

மறக்காமல் எல்லோரிடமும், "கோட் எழுத எப்போது ஆரம்பித்தீர்கள், எதில் எழுதிப் பழகினீர்கள்?" என்று கேளுங்கள். பள்ளியிலிருந்தே வீட்டில் லேப்டாப் வைத்திருந்தவருக்கும், காலேஜ் லேபில் மட்டும் பழகியவருக்கும் ரெஸ்யூம் ஒரே மாதிரி இருக்காது. எட்டே மாதத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்றால் அதுவும் கற்கும் வேகத்துக்கு அடையாளம்தான். சரளமாக ஆங்கிலம் பேசுவதற்கு மார்க் கொடுக்காதீர்கள். நம் ஊரில் நல்ல பிள்ளைகளை நாம் தவறவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

படி 5: முடிவு

படி 1-இல் எழுதிய நாள் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மாதம், சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றால், ஆறு புராஜெக்ட் பையனைத்தான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த வேலையை அவர் சுத்தமாக முடித்துக் கொடுப்பார். எங்களிடம் ஆறு மாதம் இருந்தது, தினமும் மாலை 4 மணிக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நான் இருந்தேன். அந்த மாணவியை எடுத்தோம். பையனையும் போனில் கூப்பிட்டு, எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்பதைச் சொன்னேன்.