லுவான்டியில் கால்வாய் வெட்டி வாட்டம் கற்பிப்பது எப்படி?

திருநெல்வேலி மாவட்டத்தில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணியிலிருந்து பிரிந்து பத்தமடை வழியாகப் பாயும் கன்னடியன் கால்வாயைப் பலகையில் கோடாக வரைந்தால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடத் தேவையான தரைச் சரிவு, புரியாது. பிள்ளைகளே வெட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு லுவான்டி போதும். கட்டைகளை வெட்டியும் அடுக்கியும் உலகம் கட்டும் விளையாட்டுக்கான இலவச மென்பொருள், 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது.

இணையம் ஒருமுறை கிடைத்தால் போதும். ஆசிரியரின் கணினியில் லுவான்டியோடு அதில் ஓடும் ‘மைன்டெஸ்ட் கேம்’ என்ற விளையாட்டையும் தனியாக இறக்குங்கள். மற்றக் கணினிகளுக்கு லுவான்டியை மட்டும் பென்டிரைவில் கொண்டுபோகலாம். மீதியைச் சர்வராக இயங்கும் ஆசிரியரின் கணினியே அனுப்பிவிடும். எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். புது உலகம் உருவாக்கும்போது: ‘ஃப்ளாட்’ நிலம், கிரியேட்டிவ் மோடு, டேமேஜ் வேண்டாம், ‘ஹோஸ்ட் சர்வர்’ டிக். பிள்ளைகள் உங்கள் ஐபி எண்ணையும் 30000 என்ற போர்ட்டையும் கொடுத்து உள்ளே வரலாம். வர முடியாவிட்டால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள்: லுவான்டி பயன்படுத்தும் யுடிபி வகை இணைப்பு தடுக்கப்பட்டிருக்கும்.

கணினிக்கு இரண்டு பேர்: ஒருவர் வெட்ட, ஒருவர் தாளில் வரைந்த திட்டத்தைப் பார்த்துச் சொல்ல. ஐந்து கட்டை உயரத்துக்கு மண்மேடு போட்டு, அதன்மேல் முப்பது கட்டை நீளத்துக்குச் சமதளமாகக் கால்வாய் வெட்டச் சொல்லுங்கள். தலைப்பில் ஒரு வாளித் தண்ணீர். தவறிப்போய் ‘ரிவர் வாட்டர்’ வாளியைப் பயன்படுத்த வேண்டாம், அது இரண்டு கட்டைக்குமேல் பரவாது. சாதாரணத் தண்ணீர் எட்டாவது கட்டையில் நின்றுவிடும். உடனே விடை சொல்லாதீர்கள்; ஏன் நின்றது என்று அவர்களே பேசட்டும். பிறகு ஆறு கட்டைக்கு ஒருமுறை தரையை ஒரு கட்டை இறக்கினால் கடைசிவரை ஓடும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கட்டை ஒன்று ஒரு மீட்டர். உண்மையான கால்வாய் அவ்வளவு இறங்கக் கிலோமீட்டர் கணக்கில் ஓடும்.

விளையாட்டில் இதைவிடப் பெரிய பொய் ஒன்று உண்டு. ஒரு வாளித் தண்ணீர் அங்கே வற்றவே வற்றாது. கடைமடைக்கும் தலைமடைக்கும் ஒரே அளவு வரும். நம் பக்கத்துப் பிள்ளைகளை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கால்வாயில் நான்கு மடை வைத்து, புளியங்கொட்டையைத் தண்ணீராகக் கொண்டு, ஒவ்வொரு மடையின் வயலுக்கும் ஐந்து கொட்டை தேவை என்று வையுங்கள். பிசான நெல் பருவத்துக்கு மொத்தம் இருபது, கார் நெல் பருவத்துக்குப் பன்னிரண்டு கொடுங்கள். தலைமடைக்காரர் முதலில் எடுக்கட்டும். காரில் கடைசி மடைக்கு எதுவும் மிஞ்சாது. முறை வைத்துப் பங்கிட என்ன ஏற்பாடு செய்யலாம் என்று அந்த இடத்தில் கேளுங்கள்.

இரண்டு பீரியடு ஆகும். முதல் நாள் முடிந்ததும் சர்வரை நிறுத்திவிட்டு, உலகத்தின் ஃபோல்டரை நகல் எடுத்து வையுங்கள். அடுத்த குழு இவர்கள் கரையை உடைத்தாலும் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம்.