சென்சார் அளவில் வேறுபடும் இரண்டு மிரர்லெஸ் கேமராக்கள்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றில் ஃபுல் ஃபிரேம் சென்சார், மற்றொன்றில் ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் என்று இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை முன்னால் வைத்துக்கொண்டு எதை வாங்குவது எனத் திகைப்பவர்கள், பெரும்பாலும் இரண்டு பாடிகளை (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்களை) மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் தானாகப் படம் எடுப்பதில்லை. லென்ஸ் எவ்வளவு ஒளியை அதன்மீது கொண்டுவந்து சேர்க்கிறது, அந்த ஒளி எவ்வளவு நேரம் விழுகிறது என்பவைதான் படத்தின் தரத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. இந்தத் தேர்வில் நேரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

முதலில் அளவுகள். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ. சோனி, நிக்கான், ஃபூஜிஃபிலிம் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; கேனனில் அது இன்னும் சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3 × 13 மி.மீ. பரப்பைக் கொண்டு பார்த்தால், ஃபுல் ஃபிரேம் ஏபிஎஸ்-சியைவிட ஏறத்தாழ 2.4 மடங்கும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட 3.8 மடங்கும் பெரியது. ஒளி இரு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்று கொண்டால், முதல் வித்தியாசம் ஒரு ஸ்டாப்பைவிடச் சற்று அதிகம். இரண்டாவது கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப். விவாதம் எவ்வளவு சூடாக நடந்தாலும், நாய்ஸை, அதாவது படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகளைப் பொறுத்தவரை பேசப்படும் பொருள் இந்த ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப்தான்.

பெரிய சென்சார் என்றால் எப்போதும் நாய்ஸ் குறைவு என்று நம்புவது முதல் தவறு

இருளில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் நாய்ஸின் பெரும்பகுதி, ஒளி துகள்களாக ஒழுங்கின்றி வந்து விழுவதால் உண்டாகிறது. விழும் ஒளி நான்கு மடங்கானால் இந்த ஏற்ற இறக்கம் இரண்டு மடங்குதான் ஆகிறது. ஆகவே படம் தெளிவடைகிறது. பெரிய சென்சார் இந்த வகையில் வெல்வது உண்மைதான். ஆனால் இரண்டு கேமராக்களிலும் ஒரே எஃப் எண்ணையும் (லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண்; எண் சிறிதானால் துளை அகலம்) ஒரே ஷட்டர் வேகத்தையும் வைக்க முடிகிற இடத்தில் மட்டுமே அந்த வெற்றி முழுமையாகக் கிடைக்கிறது.

ஓர் அறைக்குள் மூன்று வரிசையாக நிற்கும் இருபது பேரை எடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து கூர்மையாகத் தெரிய வேண்டும். யாராவது அசைவார்கள் என்பதால் ஷட்டர் 1/125 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/5.6 வரை மூடினால்தான் மூன்று வரிசையும் அடங்கும் என்றால், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) 3200க்கு ஏற்ற வேண்டியிருக்கும். அதே இடத்தில் நின்று மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ. லென்ஸை எஃப்/2.8இல் வைத்தால் அதே பார்வைக் கோணம், அதே கூர்மை ஆழம், அதே ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ மட்டும் 800. இரண்டு படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்தால் நாய்ஸ் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஏனென்றால் இரண்டு லென்ஸ்களின் துளையும் விட்டத்தில் ஒன்றுதான்: 50ஐ 5.6ஆல் வகுத்தாலும் 25ஐ 2.8ஆல் வகுத்தாலும் விடை ஏறத்தாழ 9 மி.மீ. உள்ளே நுழைந்த ஒளியும் ஒன்றே.

அதே அறையில் ஒருவரை மட்டும் எஃப்/1.8இல் எடுத்தால் கணக்கு மாறிவிடும். பின்னணி மங்கினால் போதும், ஒரு முகம் மட்டும் கூர்மையாக இருந்தால் போதும் என்ற நிலையில் ஃபுல் ஃபிரேம் தன் இரண்டு ஸ்டாப்பையும் முழுதாகத் தருகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நான் எடுக்கும் படங்களில் துளையை அகலமாகத் திறந்து வைக்க முடிகிறதா என்பதுதான். குறைந்த ஐஎஸ்ஓவில் முக்காலியில் வைத்து நிலக்காட்சி எடுப்பவருக்கும், நல்ல பகல் வெளிச்சத்தில் எடுப்பவருக்கும் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதே அரிது.

குவிய நீளத்தைப் பெருக்கிவிட்டு எஃப் எண்ணை மறப்பது

விற்பனைப் பேச்சில் மிகுதியாகக் கேட்கும் சொற்றொடர் இது: இந்த 25 மி.மீ. எஃப்/1.2 லென்ஸ் ஃபுல் ஃபிரேமின் 50 மி.மீ. எஃப்/1.2க்குச் சமம். பாதி உண்மை. படத்தின் வெளிச்சத்தைக் கணிக்கும்போது எஃப்/1.2 எந்தச் சென்சாரிலும் எஃப்/1.2தான், இதில் பெருக்கலுக்கு வேலையில்லை. ஆனால் பின்னணி எவ்வளவு மங்குகிறது, சென்சார் முழுவதும் சேர்ந்து எவ்வளவு ஒளியைப் பெறுகிறது என்று கேட்டால், பார்வைக் கோணத்தை ஒப்பிட, மி.மீ.யில் சொல்லும் குவிய நீளத்தைப் பெருக்கிய அதே 2ஆல் எஃப் எண்ணையும் பெருக்க வேண்டும். அப்போது அது 50 மி.மீ. எஃப்/2.4க்குச் சமமாகிறது. ஏபிஎஸ்-சியில் பெருக்க வேண்டிய எண் 1.5, கேனனில் 1.6.

இந்த மறதி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒலிம்பஸின் 25 மி.மீ. எஃப்/1.2 புரோ லென்ஸின் எடை 410 கிராம். கேனனின் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் எடை 160 கிராம். ஃபுல் ஃபிரேமில் பின்னணியை மங்கச் செய்வதிலும் ஒளியைச் சேர்ப்பதிலும் அது முன்னதை மிஞ்சுகிறது. ஒலிம்பஸ் லென்ஸின் கட்டுமானமும், துளை முழுதாகத் திறந்த நிலையிலேயே ஓரங்கள் வரை நிற்கும் கூர்மையும் தனிச் சிறப்புகள்; அவற்றுக்காக அதை வாங்குவதில் தவறில்லை. சிறிய அமைப்பு என்பதால் எடை குறையும் என்று எண்ணி அதை வாங்குவதுதான் தவறு.

மங்கல் எப்போதும் வரமல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் வைத்து 2 மீட்டர் தொலைவில் இருப்பவரை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே. கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் காது மங்கிவிடும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 42.5 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்கு அந்த ஆழம் 12 செ.மீ. அருகருகே சாய்ந்திருக்கும் இரண்டு குழந்தைகளை எடுக்கும்போது எனக்கு இந்த 12 செ.மீ. பலமுறை கைகொடுத்திருக்கிறது.

பாடியின் எடையை வைத்து அமைப்பின் எடையைக் கணிப்பது

சிறிய சென்சார் கொண்ட கேமரா கையில் இலகுவாக இருக்கும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் சரியாக இருந்தது. சோனியின் ஃபுல் ஃபிரேம் ஏ7சி, பேட்டரியும் கார்டும் சேர்த்து 509 கிராம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவான ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1, அதே கணக்கில் 599 கிராம். பிடிமானம், பெரிய பேட்டரி, நீர்த்தூசிக் காப்பு, நல்ல வியூஃபைண்டர் ஆகியவை எடையைக் கூட்டுகின்றன. இவற்றுக்கும் சென்சாருக்கும் அதிகத் தொடர்பில்லை. எடையில் உண்மையான வேறுபாடு லென்ஸில்தான் தெரிகிறது. அதிலும் தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் டெலிஃபோட்டோவில்தான் மிகுதியாகத் தெரிகிறது.

பறவைகளை எடுப்பவர்கள் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஓஎம் சிஸ்டத்தின் 300 மி.மீ. எஃப்/4 லென்ஸ், முக்காலி வளையம் நீங்கலாக 1270 கிராம். ஃபுல் ஃபிரேமில் 600 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணத்தை அது தருகிறது. சோனியின் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸோ 3040 கிராம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, சிறிய சென்சார் எடையைச் சரிபாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது என்பார்கள். ஆனால் நேர்மையான ஒப்பீடு 600 மி.மீ. எஃப்/8 லென்ஸுடன்தான் செய்யப்பட வேண்டும். கேனன் 2020இல் வெளியிட்ட ஆர்எஃப் 600 மி.மீ. எஃப்/11 லென்ஸ் 930 கிராம்தான். எஃப்/8ஐவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் மட்டுமே குறைவு. அப்படியானால் சிறிய சென்சாருக்கு இங்கே ஆதாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது. 300 மி.மீ. எஃப்/4 லென்ஸ் 1.4 மீட்டர் தொலைவு வரை ஃபோகஸ் செய்யும் என்பதால், மரத்துப் பறவையை எடுத்த கையோடு காலடியில் இருக்கும் தும்பியையும் எடுக்கலாம். கேனன் லென்ஸுக்குக் குறைந்தது 4.5 மீட்டர் இடைவெளி தேவை; அதன் துளையும் எஃப்/11இல் நிலைத்தது, மாற்ற முடியாது.

எட்டாத் தொலைவில் இருக்கும் பறவையைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு கேமராக்களிலும் ஒரே 400 மி.மீ. லென்ஸ், ஒரே இடம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் அந்தப் பறவைமீது விழும் பிக்சல்களைவிட, 20 மெகாபிக்சல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான பிக்சல்கள் விழும். சென்சார் சிறியது என்பதைவிடப் பிக்சல்கள் நெருக்கமானவை என்பதே இதற்குக் காரணம். 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டிய பிறகும் 26 மெகாபிக்சல் தருகிறது. அங்கே இந்த ஆதாயம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

படத்தை நூறு விழுக்காடு பெரிதாக்கி ஒப்பிடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தவறு. பிக்சல் எண்ணிக்கை வேறுபடும் இரண்டு படங்களை அப்படிப் பார்த்தால், அதிகப் பிக்சல் உள்ள படம் அதிகமாகப் பெரிதாக்கப்பட்டு, இல்லாத குறையையும் காட்டும். 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் 20 அங்குல அகலம் வருகிறது. உங்கள் படங்கள் எந்த அளவில் பார்க்கப்படுமோ அந்த அளவுக்கு இரண்டையும் சமப்படுத்திய பிறகு பாருங்கள்.

மவுண்ட்டை மறந்துவிட்டுப் பாடியைத் தேர்ந்தெடுப்பது

மவுண்ட் என்பது லென்ஸைப் பாடியில் பொருத்தும் இணைப்பு. சோனி இ, நிக்கான் இசட், கேனன் ஆர்எஃப் ஆகிய மவுண்ட்களில் ஃபுல் ஃபிரேம், ஏபிஎஸ்-சி என்ற இரண்டு சென்சார் அளவுகளும் உண்டு. ஃபூஜிஃபிலிமின் எக்ஸ் மவுண்ட் ஏபிஎஸ்-சிக்கு மட்டுமே உரியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த தனி மவுண்ட்; பின்னாளில் பெரிய சென்சாருக்குப் போக நினைத்தால் லென்ஸ்கள் அனைத்தையும் மாற்றியாக வேண்டும். இதைக் கேட்டவுடன் பலர் மறுபுறம் சாய்ந்து, இப்போதைக்கு ஏபிஎஸ்-சி பாடி, லென்ஸ்கள் மட்டும் ஃபுல் ஃபிரேமுக்கு உரியவை என்று வாங்கிவிடுகிறார்கள். 24-70 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 36-105 மி.மீ. போல ஆகிவிடும்; அறைக்குள் பின்னால் நகர இடமின்றிச் சுவரில் முதுகு ஒட்டும்போது இழந்தது எது என்று புரியும். என்றோ வரப்போகும் கேமராவுக்காக இன்றைய படங்களைக் கெடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பாத செயல். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: ஏபிஎஸ்-சி லென்ஸை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் பொருத்தினால் படம் வெட்டப்பட்டு, 10 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் மட்டுமே மிஞ்சும்.

பணத்தின் பெரும்பகுதியைப் பெரிய சென்சாரில் போட்டுவிட்டு, எஃப்/4.5இலிருந்து எஃப்/6.3 வரை போகும், கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸோடு நின்றுவிடுவது இதைவிடப் பெரிய தவறு. ஃபுல் ஃபிரேமில் எஃப்/5.6 ஸூமும் ஏபிஎஸ்-சியில் எஃப்/2.8 ஸூமும் எதிரெதிரே நின்றால், சிறிய சென்சாரே அதிக ஒளியைப் பெறுகிறது.

வீடியோ எடுப்பவர்கள் விவரப் பட்டியலின் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். சோனி ஏ7 IV ஃபுல் ஃபிரேம் கேமராதான். ஆனால் நொடிக்கு 60 ஃபிரேம் 4கே வீடியோவில் ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டித்தான் எடுக்கிறது. பெரிய சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்க நேரம் அதிகம் பிடித்தால், கேமராவை வேகமாகத் திருப்பும்போது கம்பங்கள் சாய்ந்து தெரியும். சென்சாரை அசைத்து நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இன்று எல்லா அளவுகளிலும் கிடைக்கிறது. அசையாத பொருளைக் கையில் பிடித்தே அரை நொடி எடுக்க அது உதவும். ஓடும் குழந்தையை அது நிறுத்தித் தராது.

இவற்றில் எது உங்களைப் பாதிக்கும் என்று அறிய, ஏற்கெனவே எடுத்த படங்களே போதும். கடந்த ஓராண்டில் பிடித்துப்போய்ச் சேமித்து வைத்த படங்களின் குவிய நீளம், எஃப் எண், ஐஎஸ்ஓ ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோனில் எடுத்தவையானால் எந்த வெளிச்சத்தில், எதை எடுத்தீர்கள் என்று குறித்தாலும் போதும். அவற்றில் பெரும்பாலானவை ஐஎஸ்ஓ 1600க்குக் கீழும் எஃப்/5.6க்கு அருகிலும் இருந்தால், சிறிய சென்சாரும் நல்ல லென்ஸ் ஒன்றும் போதுமானவை. எஃப்/1.8இலும் ஐஎஸ்ஓ 6400ஐத் தொட்டு நிற்பவை பாதிக்கு மேல் இருந்தால், ஃபுல் ஃபிரேமோடு ஒரு பிரைம் (ஸூம் இல்லாத) லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பிறகு இரண்டு கேமராக்களையும் வாங்கப்போகும் லென்ஸ்களோடு ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மாலை வெளிச்சம் மங்கும் வேளையில் ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்துப் பாருங்கள்.