பழைய கல்யாண டிவிடியை எப்படித் துடைப்பது, எப்படித் துடைக்கக் கூடாது

பீரோவில் கிடந்த கல்யாண டிவிடி பாதியில் நின்று நின்று ஓடுகிறதா? துப்பட்டாவாலோ துண்டாலோ வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் பிளேயரில் வேறு நல்ல டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் கோளாறு பிளேயரின் லென்ஸில் படிந்த தூசியாகவும் இருக்கலாம்.

அது சரியாக ஓடினால், உங்கள் டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் கண்ணாடியில் ரசம் போவது மாதிரி உள்ளே இருக்கும் உலோகப் பூச்சு போய்விட்டது, அந்த இடத்தைத் துடைத்துப் பயனில்லை. நடு ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் கம்ப்யூட்டரில் போடவே போடாதீர்கள். வேகமான டிரைவ் சிடியை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை சுற்றும், உள்ளேயே சிதறிவிடலாம்.

பளபளக்கும் பக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து சிடியை லேபிள் கீழே படும்படி மேசையில் வைக்கிறார்கள் பாருங்கள், அது தலைகீழ். சிடி 1.2 மி.மீ. கனம், பதிவு இருப்பதோ லேபிளுக்கு நேர் கீழே, மேலே ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினாலே உள்ளே அடிபடும். டிவிடி கொஞ்சம் பிழைத்தது, இரண்டு 0.6 மி.மீ. தகடுகளை ஒட்டி நடுவில் பதிவை வைத்திருக்கிறார்கள். ப்ளூ-ரேயில் பதிவு படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான், அதனால்தான் அதற்குக் கடினமான மேல்பூச்சு.

சரி, துடைப்பது. ஓரத்தையும் நடு ஓட்டையையும் மட்டும் பிடித்துக்கொண்டு, தூசியை ரப்பர் புளோயரால் ஊதித் தள்ளுங்கள் (வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்). அப்புறம் மூக்குக் கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் இழுங்கள். பதிவு சுருளாக ஓடுகிறது, குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமே கெடுக்கும், பிளேயரின் பிழைதிருத்தம் அதைச் சமாளித்துக்கொள்ளும். தடத்தோடு போகும் கீறல் தொடர்ச்சியாக அழிப்பதால், சிடியில் சுமார் 2.5 மி.மீ. நீளத்துக்கு மேல் போனால் முழுதாகத் திருத்த முடியாது.

பிசுக்கு போகவில்லையென்றால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர், பிறகு ஆர்ஓ தண்ணீரில் அலசல். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கறை விடும். கைரேகைக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் சில சொட்டுகளைத் துணியில் விட்டுத் துடைக்கலாம். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம், டிஸ்க்கின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் மங்கிவிடும்.

பற்பசை வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். அது கீறலை ஆற்றுவதில்லை, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைத் தேய்த்து மட்டமாக்குகிறது. வேறு வழியே இல்லாத சிடி, டிவிடிக்குக் கடைசி முயற்சியாக வெள்ளைப் பற்பசையை வைத்துப் பாருங்கள், ஜெல் வேண்டாம். ப்ளூ-ரேக்குக் கூடவே கூடாது, மேல்பூச்சு போய்விடும்.

துடைத்தபின் ஓடினால் உட்கார்ந்து படம் பார்க்காமல் அப்போதே ஐஎஸ்ஓ கோப்பாக (டிஸ்க் முழுவதும் அப்படியே ஒரே கோப்பாக) நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அடம்பிடித்தால் லினக்ஸ் கம்ப்யூட்டரில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் நல்ல கருவி: படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துத் திரும்ப முயலும். அதே குறிப்புக் கோப்போடு இன்னொரு டிரைவில் தொடர்ந்தால் முதல் டிரைவ் விட்டதை இது எடுத்துவிடலாம், ஒவ்வொரு டிரைவின் கண்ணும் ஒவ்வொரு மாதிரி.

டிஸ்க்கை வெயில் படாமல், கெட்டியான பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்கில் பதிவைத் தாங்குவது சாயம், வெளிச்சத்தில் வெளுக்கும். மேலே ஸ்டூடியோக்காரர் ஒட்டிய மணமக்கள் ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கினாலும் பிடித்து இழுக்காதீர்கள், சிடியாக இருந்தால் பதிவும் சேர்ந்து உரிந்து வரும்.