உதவிப் பக்கங்களை எண்ணால் இணையுங்கள்

விண்டோஸ் மென்பொருளுக்குச் சி.எச்.எம். (பல உதவிப் பக்கங்களை ஒன்றாகத் தொகுத்த) உதவிக் கோப்பு தயாரிப்பவர்கள், பயனர் உதவி கேட்டு எப்1 விசையை அழுத்தினால் திறக்க வேண்டிய பக்கத்தின் கோப்புப் பெயரை நிரலுக்குள் எழுதாமல், ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண்ணை மட்டும் கொடுத்து அழைக்க வேண்டும். அந்த எண்ணுக்குரிய அடையாளச் சொல்லை உதவித் திட்டக் கோப்பின் (உதவிக் கோப்பை எப்படித் தொகுக்க வேண்டும் என்று குறிக்கும் கோப்பின்) 'மேப்' பகுதியிலும், அச்சொல்லுக்குரிய பக்கத்தை 'அலையஸ்' பகுதியிலும் குறித்துவிட்டால் போதும்.

பின்னாளில் ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினாலும், நீண்ட பக்கத்தை இரண்டாகப் பிரித்தாலும், 'அலையஸ்' பகுதியில் ஒரு வரியைத் திருத்தி உதவிக் கோப்பை மட்டும் மறுபடி தொகுத்துக்கொள்ளலாம். நிரலைத் தொட வேண்டியதே இல்லை. மதுரை மாசி வீதிகளில் கடை கடையாகச் சென்று பில் போடும் மென்பொருளை நிறுவித் தருபவர்களுக்கு இது பெரிய நிம்மதி, ஏனெனில் வியாபார நேரத்தில் கல்லாக் கணினியை நிறுத்தி மென்பொருளை மறுபடி நிறுவ எந்தக் கடைக்காரரும் எளிதில் சம்மதிப்பதில்லை. திரைக்குத் திரை நூறு எண்கள் இடைவெளி விட்டால், அத்திரைகளில் பிறகு சேரும் உரையாடல் பெட்டிகளுக்கும் இடமிருக்கும்.

உதவியைச் சாதாரண இணையப் பக்கங்களாக உலாவியில் திறக்கும் மென்பொருளுக்கு இம்முறை பொருந்தாது. அங்கே கோப்புப் பெயரே முகவரி.