கார் சப்வூஃபருக்கு ஏற்ற ஆம்ப்: வாட்ஸ் கணக்கு முதல் கெயின் வரை

காரில் நான் வைத்த முதல் சப்வூஃபரை (தாழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) கருக்கியது அதைவிடச் சிறிய ஆம்ப்தான் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபயர்). சப் 300 வாட்ஸ் தாங்கும். ஆம்ப் 200 வாட்ஸ்தான் தரும். ஆபத்தே இல்லை என்று நம்பினேன். சத்தம் போதவில்லை என்று ஆம்பிலுள்ள கெயின் திருகைக் கடைசிவரை திருப்பினேன். சில வாரங்களில் கருகிய வாடை.

காரணம் 'கிளிப்பிங்'. தன் சக்திக்கு மேல் கேட்டால் ஆம்ப் ஒலி அலையின் தலையை வெட்டிவிடும். வளைவாக இருக்க வேண்டிய அலை சதுரமாகிவிடும். அதே உயரமுள்ள சதுர அலையில் இரண்டு மடங்கு சக்தி இருக்கிறது. 200 வாட்ஸ் ஆம்ப் 400 வாட்ஸ் வரை சப்பின் வாய்ஸ் காயிலுக்குள் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) தள்ள முடிந்தது அப்படித்தான். பெரிய ஆம்பைப் பார்த்துப் பயப்படுபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

படி 1: ஆர்.எம்.எஸ். மட்டும் பாருங்கள்

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸ் பெரும்பாலும் கணநேர உச்ச அளவு. அதை மறந்துவிடுங்கள். கையேட்டில் ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து தாங்கும் அளவு. ஆம்பில் சி.டி.ஏ-2006 என்ற தர முத்திரை இருந்தால் (முன்பு சி.இ.ஏ-2006) அந்த எண்ணை நம்பலாம், 14.4 வோல்ட்டில், சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் அளந்தது அது.

படி 2: எத்தனை ஓம்?

ஓம் என்பது மின்தடையின் அலகு. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். ஒரே ஆம்ப் 4 ஓமில் 300 வாட்ஸும் 2 ஓமில் 500 வாட்ஸும் தரலாம். ஆகவே முதலில் உங்கள் சப்பை எத்தனை ஓமில் இணைக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும்.

இரட்டை வாய்ஸ் காயில் உள்ள, காயிலுக்கு 4 ஓம் கொண்ட ஒரு சப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிளஸ்ஸையும் ஒன்றாக, இரண்டு மைனஸையும் ஒன்றாகச் சேர்த்தால் (பேரலல்) 2 ஓம். ஒரு காயிலின் மைனஸை அடுத்த காயிலின் பிளஸ்ஸோடு சேர்த்தால் (சீரிஸ்) 8 ஓம். அதே சப் இரண்டு வைத்து எல்லாவற்றையும் பேரலலாக இணைத்தால் 1 ஓமுக்கு இறங்கிவிடும். ஆம்ப் 2 ஓம் வரைதான் தாங்கும் என்றால் அது சூடேறி அணைந்துவிடும், இல்லையேல் எரியும்.

மல்டிமீட்டரில் 4 ஓம் காயில் 3.5 போலக் காட்டினால் பதற வேண்டாம். அது அளப்பது நேர் மின்தடையை. சற்றுக் குறைவாகத்தான் வரும்.

படி 3: ஆம்பைத் தேர்ந்தெடுங்கள்

சப் 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., இணைப்பு 2 ஓம் என்றால், 2 ஓமில் 500 முதல் 600 வாட்ஸ் வரை தரும் மோனோ (ஒரே சானல் கொண்ட) ஆம்ப் வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாக இருப்பதே நல்லது. வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும் என்பதால் அதற்கு மேல் பணத்தை இறைக்காதீர்கள்.

படி 4: வயரும் ஃப்யூஸும்

முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். 500 வாட்ஸ் கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப் முழு வேகத்தில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தாங்கும் தடிமனில் செம்பு வயர் போடுங்கள். மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் காரைத் தீயிலிருந்து காப்பது அந்த ஃப்யூஸ்தான்.

படி 5: கெயின்

கெயின் வால்யூம் அல்ல. கார் ஸ்டீரியோ தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பை இணங்கவைக்கும் திருகு அது.

சப்பைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். லோ பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 500 × 2 = 1000; வர்க்கமூலம் 31.6 வோல்ட். (ஆம்பின் ஆர்.எம்.எஸ்., சப்பின் ஆர்.எம்.எஸ்., இவற்றில் எது குறைவோ அதைப் போடுங்கள்.) ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் டெஸ்ட் டோனை (ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனை ஒலி) ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்துக்கொண்டு, 31.6 வரும்வரை கெயினை மெதுவாக ஏற்றுங்கள்.

பிறகு ஆம்பை அணைத்து, சப்பை இணைத்து, லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். வால்யூமை இனி அந்த முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். அரை மணி நேரம் பாட்டு ஓடட்டும். பாஸ் கரகரத்தாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, கெயினை இறக்கி மறுபடி அளந்து பாருங்கள்.